உனக்கு அது எடுப்பா இல்லை

வீட்டுக்கு வீடு நிலைக்கண்ணாடி வந்துவிட்ட பிறகும், அது போதாது, தாங்களும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஓர் இனம் உண்டு. உள்ளதைச் சொல்கிறவர்கள் என்று பெயர். பெயர் வைத்தவர்கள் அவர்களேதான். வேறு யாரும் அவர்களை அப்படிக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

உங்களுக்கு இவர்களைத் தெரியும். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அது நமக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து, வேலை செய்யும் இடத்துக்குள் நுழைவீர்கள். இவர் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். கண்ணை லேசாகச் சுருக்குவார். நீங்கள் நின்றுவிடுவீர்கள். ஏன் நின்றீர்கள்? யார் நிற்கச் சொன்னது? உங்களுக்கே தெரியாது. ஒன்று சொன்னால் தப்பாக நினைக்க மாட்டாயே என்று கேட்பார். மாட்டேன் என்பதைத் தவிர இதற்கு நாகரிகமான பதில் எதையும் இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பிறகென்ன, தோளில் தொங்குகிறது, இடுப்பில் பிடிக்கிறது, கழுத்தைக் குட்டையாகக் காட்டுகிறது, நிறம் முகத்தை அடிக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று பெருமூச்சு விடுவார். உங்கள் நல்லது அன்று மாலையே அலமாரியின் அடித்தட்டுக்குப் போய்விடும்.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் இந்த இனத்தில் நன்றாக முற்றிய ஒருவர் இருக்கிறார். முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர். டாக்டரம்மா உட்பட எல்லோருக்கும் அவர் அக்கா. நான் உள்ளறையில் கருவிகளைக் கழுவி ஆவியில் வைத்து எடுப்பவள். என்னுடைய பச்சைச் சட்டை ஒன்றை ஆஸ்பத்திரித் திரை மாதிரி இருக்கிறது என்று அக்கா சொன்னார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் ஆஸ்பத்திரித் திரை மாதிரி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்குத் தோன்றுவதற்குள் சட்டை என் தங்கையிடம் போய்விட்டது. ஒருமுறை, பல் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் பஞ்சோடு வெளியே வந்த ஓர் அம்மாளிடம், உங்கள் கைப்பைக்கும் செருப்புக்கும் ஒட்டவே இல்லையே என்று அக்கா வருத்தப்பட்டார். அந்த அம்மாளால் வாயைத் திறக்க முடியவில்லை. அக்காவுக்கு அப்படிப்பட்டவர்களோடு பேசத்தான் பிடிக்கும்.

அக்கா கெட்டவர் அல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். எங்களில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதல் ஆளாக வீட்டுக்குப் போய் நிற்பவர் அவர்தான். போய் நின்று, இந்தப் போர்வைதான் உன்னை நோயாளி மாதிரி காட்டுகிறது என்பார். அது வேறு விஷயம்.

இனி எக்ஸ்ரேயைப் பற்றிச் சொல்கிறேன். பல்லை எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தொழிலை வைத்து வந்த பெயர் என்றாலும், கறுப்பு, வெள்ளை, சாம்பல் மூன்றையும் விட்டு வேறு நிறமே அவள் உடுத்தியதில்லை என்பதால் பெயர் நிலைத்துவிட்டது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பல வருஷம் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவள். அழுக்குத் தெரியாத துணி, சட்டென்று துவைக்கிற துணி, அவ்வளவுதான் அவளுடைய தேவை. அப்பா போய்ச் சேர்ந்த மறு வருஷம், கடைவாய்ப்பல் வலியோடு ஒரு பஸ் டிரைவர் வந்தார். பல்லை எடுத்தோம். வலி போனது. டிரைவர் போகவில்லை. மற்ற பற்களையும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டுக்கொண்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். கடைசியில் பல்லை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். எக்ஸ்ரேக்கு அப்போது வயது நாற்பத்தாறு. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் என்று முடிவானது.

ஒரு மதிய இடைவேளையில் அவள் தனியாகக் கடைக்குப் போய்வந்து, உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, பையைப் பிரித்தாள். ஆரஞ்சு நிறத்தில் கணுக்கால் வரை நீண்ட கவுன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆழமான பாக்கெட். லேசான ஆரஞ்சு, அடங்கிய ஆரஞ்சு என்றெல்லாம் சொல்வதற்கில்லை. அறையே கொஞ்சம் சூடானது.

"போட்டுப் பாத்தேன்," என்றாள் மெதுவாக. "யாரோ வேற ஒருத்தி நிக்கிறான்னு நினைச்சேன். அவளை எனக்குப் பிடிச்சிருந்துச்சு."

அவள் அத்தனை பேசி நான் கேட்டதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. அக்கா. தலை சாய்ந்தது. கண் சுருங்கியது.

கேட்க வேண்டுமா? கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பெண்ணைப் பார்க்க வேண்டுமே தவிரத் துணியைப் பார்க்கக் கூடாது என்றார் அக்கா. கைப்பக்கம் தொங்கும் என்றார். நிறம் முகத்தை அடிக்கும் என்றார். இந்த வயதில் இது, என்று தொடங்கி முடிக்காமல் விட்டார். முடிக்காமல் விட்டதுதான் வேலை செய்தது. எக்ஸ்ரே கவுனை மடித்தாள். அக்கா உடனே, அந்தக் கடைக்காரர் தனக்குத் தெரிந்தவர், தானே போய் மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று பையை வாங்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் அளவு ஒன்றுதான். வெள்ளைக் கோட்டு மாறிப்போய் அடிக்கடி தகராறு வரும். அதனால் போட்டுப் பார்க்கக்கூட எக்ஸ்ரே போக வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் அக்கா கொண்டுவந்த கவுனின் நிறத்தை அவர் சந்தனம் என்றார். நான் அட்டைப்பெட்டி என்பேன். எக்ஸ்ரே நன்றி சொன்னாள். கவனியுங்கள், அழவில்லை, கோபப்படவில்லை, நன்றி சொன்னாள். உங்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு அதற்கு உங்களிடமே நன்றி வாங்குவது லேசான திறமையா? அன்று மாலை அவள் டிரைவரிடம், கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுக்க ஆள் வேண்டாம், வீண் ஆடம்பரம் என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னாள்.

பதிவு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. டிரைவர், விறைப்பாகத் தேய்த்த சட்டையில், தம்பியோடு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். சாட்சிக் கையெழுத்துப் போட நானும் அக்காவும். அக்கா இன்னும் வந்து சேரவில்லை. எக்ஸ்ரே சுவர் ஓரமாக நின்றாள். சுவரும் அட்டைப்பெட்டி நிறம். அவள் எங்கே முடிகிறாள், சுவர் எங்கே தொடங்குகிறது என்பது அவ்வளவு தெளிவாக இல்லை.

அப்போது அக்கா படியேறி வந்தார். ஆரஞ்சுக் கவுனில்.

பெஞ்சில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, டிரைவர் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "பொண்ணு வந்தாச்சா? உக்காருங்கம்மா," என்றார். டிரைவர் பதறி எழுந்தார். தான் பொண்ணு இல்லை என்று சொல்ல அக்கா எடுத்துக்கொண்ட நேரம், தேவையைவிடக் கொஞ்சம் அதிகம்.

பிறகு எங்கள் பக்கம் வந்து விளக்கம் சொன்னார். கடைக்குப் போனாராம். திருப்பிக் கொடுப்பதற்கு முன் சும்மா ஒருமுறை போட்டுப் பார்த்தாராம். தனக்கு எடுப்பாக இருந்ததாம். கொடுக்க மனசு வரவில்லையாம். அதைத் தான் வைத்துக்கொண்டு, எக்ஸ்ரேக்குத் தனியாக இன்னொன்று வாங்கினாராம். இதையெல்லாம் அக்கா ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். உள்ளதைச் சொல்கிறவர் அல்லவா?

எக்ஸ்ரே அந்தக் கவுனை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவசரமில்லாமல் அக்காவின் முழங்கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா. கழட்டிக் குடுங்க."

கழிவறை வராந்தாவின் கோடியில் இருந்தது. தாழ்ப்பாள் இல்லாததால் நான் வெளியே காவல் நின்றேன். உள்ளே அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நேரமாகிறது என்றார், நல்ல நாளும் அதுவுமாக என்ன பிடிவாதம் என்றார், கைப்பக்கம் உனக்குத் தொங்குமே என்றார். எக்ஸ்ரே ஒரே ஒரு பதில்தான் சொன்னாள்.

"தொங்கட்டும்."

கதவு திறந்தது. ஆரஞ்சுக் கவுனின் இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டுக்கொண்டு அவள் வராந்தாவில் நடந்து வந்தாள். கல்யாணப் பெண்கள் அப்படி நடப்பதில்லை. சொந்த வீட்டுக்குள் நடக்கிறவர்கள் அப்படி நடப்பார்கள். டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு, கீழே பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடைக்காரரைக் கையோடு அழைத்துவரச் சொன்னார். எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லவில்லை.

கையெழுத்து முடிந்தது. படம் எடுக்க வந்தவர் அசையாமல் நிற்கச் சொன்னார். இத்தனை வருஷமும் மற்றவர்களை அசையாமல் இருக்கச் சொன்னவளுக்கு அது முடியவில்லை. சிரித்துச் சிரித்து எல்லாப் படத்திலும் கொஞ்சம் கலங்கலாகவே விழுந்திருக்கிறாள். உள்ளதைச் சொல்வதானால், கைப்பக்கம் தொங்கத்தான் செய்கிறது. நிறமும் முகத்தை அடிக்கத்தான் செய்கிறது. படத்தைப் பார்த்தவர்கள் யாரும் இதுவரை அதைக் கவனிக்கவில்லை. அக்காவும் படத்தில் இருக்கிறார். சுவரைக் கூர்ந்து பார்த்தால் தெரியும்.

அக்கா திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். எதற்குத் திருந்த வேண்டும்? மறு வாரமே, வருகிற நோயாளிகளிடமெல்லாம் படத்தைக் காட்டி, தான் மட்டும் அந்த ஆரஞ்சைப் பத்திரமாக வைத்திருக்காவிட்டால் அந்தப் பெண் கல்யாணத்துக்கு எதைப் போட்டிருப்பாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இதை மறுத்துப் பேச முடியுமா? நாங்கள் முயற்சி செய்யவில்லை. எக்ஸ்ரே இப்போது மஞ்சளில் வருகிறாள், ஊதாவில் வருகிறாள், பெயர் சொல்லத் தெரியாத நிறங்களிலும் வருகிறாள். அக்காவின் தலை சாய்கிறது. அவள் நிற்பதில்லை, வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்து போய்விடுகிறாள். நின்றால்தானே?

நல்லவேளை, நான் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். இருக்கட்டும். நாளைக் காலையில் உங்கள் வீட்டில் மகளோ மனைவியோ அண்ணியோ கதவருகே வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நீங்கள் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்கள், தெரியும். நல்லா இருக்கு என்றுதான் சொல்வீர்கள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு "ம்" போடுவீர்கள் பாருங்கள், அது முடிவதற்குள் அவள் உள்ளே போய் மாற்றத் தொடங்கியிருப்பாள்.