தண்ணீருக்குள் மஞ்சள்

சுத்தமான தண்ணீருக்குள் மறுபடியும் மஞ்சள் இருந்தது.

திவாகரன் கணினித் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். தினமும் கலஹாவிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறி வந்து ஆராய்ச்சி செய்கிறவன். சோதனைக்கான வெள்ளித் தகடு அவன் கைப்பட உருவானது. அதில் ஒரு சொட்டு விட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், கண்ணுக்கே தெரியாத வெள்ளித் துகள்கள், சொட்டிலுள்ள மூலக்கூறுகள் சிதறடிக்கும் ஒளியைப் பல மடங்கு பெருக்கி, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய கோட்டைத் திரையில் காட்டும். முணுமுணுக்கிறவன் கையில் திருவிழா ஒலிபெருக்கியைக் கொடுத்த கதைதான். தேயிலையில் துளிப் பூச்சிமருந்து இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு முதலில் வெறும் தண்ணீர் எந்தக் கோடும் காட்டாமல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"பின்னேரத்துக்குள்ள தண்ணி சரிவராட்டி மெஷின் அஸீமாவுக்குத்தான்" என்று பேராசிரியை நிஷாந்தினி சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பு.

அதே கூடத்தில் ஆராய்ச்சி செய்யும் அஸீமா கதவருகே சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பருப்புல மஞ்சள் போட்டிருக்கா?"

"மஞ்சள் போடாம யாரு பருப்பு ஆக்குற?"

"அப்ப வெளிய போய்ச் சாப்பிடுங்க."

"நான் கதவுக்கு வெளியதானே இரிக்கிறன்!"

"இன்னும் வெளிய!"

அவள் முறைத்துக்கொண்டே படியிறங்கினாள். திவாகரன் கையுறை மாற்றி, புதுத் தகடு எடுத்து, "முருகா" என்று சந்தனம் இட்ட நெற்றியில் ஒற்றி, தண்ணீர்ச் சொட்டு விட்டு வைத்தான். திரையில் மஞ்சளின் கோடு முன்னைவிட உயர்ந்தது.

தண்ணீரை மாற்றினான். மேசையைத் தேய்த்துக் கழுவினான். இம்முறை இரண்டு தடவை ஒற்றினான். கோடு இரட்டிப்பாகியது.

மனம் கேட்கவில்லை. பக்கத்துக் கோயிலுக்கு ஓடி, நெற்றி நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தான். கடைசித் தகட்டை நெற்றியில் அழுத்தி, கண்மூடி நெடுநேரம் வேண்டினான். கோடு திரையை முட்டியது.

அப்போது பார்த்துப் பேராசிரியை வந்தார். பின்னாலேயே அஸீமாவும் வந்தாள்.

"என்ன இது, தண்ணியோ பருப்புக் கறியோ?"

"மேடம், யாரோ வேணும்னே செய்றாங்க" என்று திவாகரன் அஸீமாவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"எங்க, எனக்கு முன்னால செய்து காட்டும் பாப்பம்."

திவாகரன் தகட்டைக் கழுவித் துடைத்தான். "முருகா" என்று அதை நெற்றிக்குக் கொண்டுபோனான்.

அஸீமா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"மேடம், தகட்டுல ஒரு பிழையும் இல்ல. என்ட பருப்பை இவரு வெளிய அனுப்பினாரு, சரி. நெத்தியில பூசியிரிக்கிற சந்தனத்துல கலந்திரிக்கிற மஞ்சள யாரு வெளிய அனுப்புற?"