என் தொட்டி மண்ணின் பெருமை

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் முழங்காலும், அதைவிட முக்கியமாக உங்கள் ரோஜாத் தோட்டமும் நலம்தானே?

"மண்ணைத் தோண்டுறதுக்கு ஒரு படிப்பா?" என்று நம் பேத்தியைப் பார்த்து நாலு பேர் முன்னால் சிரித்தீர்களே, அந்தப் படிப்பு என்ன செய்திருக்கிறது கேளுங்கள். மண்ணில் பாக்டீரியா இருக்கிறதாம். அந்தப் பாக்டீரியாவுக்கே நோய் கொடுக்கிற வைரஸும் அதே மண்ணில் இருக்கிறதாம். ஆக, சம்பந்தி வாய்க்காத ஜீவன் உலகத்தில் கிடையாது போலிருக்கிறது. அதைப் பிடித்து மெஷினில் கொடுத்தால் அதன் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லிவிடும். அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் பக்கமாக நாலே எழுத்துதான், மாற்றி மாற்றி. "இத்தனை வருஷம் படிச்சு நாலெழுத்துதானாடி? எனக்கு அஞ்சாங்கிளாஸுக்குள்ளயே இருநூத்து நாப்பத்தேழு சொல்லிக்கொடுத்துட்டாங்களே" என்றேன். "உன்னையும் என்னையும் இந்த நாலெழுத்துலதான் பாட்டி எழுதியிருக்கு" என்றாள். வாய் உங்கள் வழி.

விஷயம் இதுதான். என் மாடித் தொட்டி மண்ணில் அகப்பட்ட வைரஸ், உலகத்தில் இதுவரை யாருமே கண்டிராதது! கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் சூட்டலாமாம்; என் பெயரையே வைக்கப்போகிறாள். உரம், மண்புழு என்று நீங்கள் சீராட்டுகிற தோட்டத்து மண்ணையும்தான் எடுத்துப்போனாள். ஒரு தகவலும் இல்லை. வருத்தப்படாதீர்கள், எல்லா மண்ணுக்கும் கொடுப்பினை இருக்காது. போன தடவை நான் வந்துபோன மறுநாள் ஒரு ரோஜாப் பதியனைக் காணோம் என்று உங்கள் மகளிடம் ஜாடையாகக் கேட்டீர்களாமே? இப்பேர்ப்பட்ட மண் வைத்திருப்பவள் உங்கள் செடிக்கா கை நீட்டுவாள்?

என்னைவிட மூத்தவர் நீங்கள். பேத்தியை மனசார வாழ்த்துங்கள். முழங்காலுக்குத் தைலம் தடவுங்கள்.

இப்படிக்கு,
புது வைரஸுக்குப் பெயர் கொடுத்த
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டும்போது பேத்தி ஃபோன் செய்தாள். உங்கள் மண்ணிலும் வைரஸ் கிடைத்துவிட்டதாம். என் தொட்டியில் கிடைத்த அதே வைரஸ். ஓர் எழுத்துகூட மாறவில்லையாம். "இவ்வளவு தூரம் தள்ளி ரெண்டு ஊர்ல எப்படி பாட்டி? புரொஃபசர் பெரிய அதிசயம்னு கட்டுரையே எழுதச் சொல்லிட்டார். உனக்கு ஏதாவது தெரியுமா?" என்கிறாள். நான் வாயைத் திறக்காவிட்டால் பிள்ளை தப்பாக எழுதி மாட்டிக்கொள்வாள். திறந்தால் என் கதி? மேலே எழுதியதை அடிக்கவும் மனம் வரவில்லை, நன்றாக வந்திருக்கிறது. அதனால், அந்தப் பதியனை வேர்மண்ணோடு நீங்களே ஆசையாக என் கையில் கொடுத்தனுப்பியதாக அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வைரஸுக்கு உங்கள் பெயரையே வைக்கச் சொல்கிறேன்.

செடி நன்றாகப் பூக்கிறது.