நிராகரிப்புக்கு நான் அனுப்பிய விளக்கம்

துறைமுகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு 'முடியாது' என்றால் என்னவென்றே தெரியாது. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஆவணப் பிரிவைக் கவனிப்பவள் நான். சரக்கை விடுவிக்கும் முன் சுங்கத்திலிருந்து சந்தேகம் கேட்டுக் குறிப்பு வரும். அதற்குப் பெயர் குவெரி. கேட்டதற்கு வரிசையாகப் பதில் எழுதி, தாள்களை இணைத்து, நேரில் போய் நின்றால் கன்டெய்னர் வெளியே வந்துவிடும். என் காலத்தில் வராத கன்டெய்னர் கிடையாது. (பெருமைதான். உண்மையும்கூட.)

இந்தத் தெம்பில்தான் என் முதல் சிறுகதையைச் சென்னையிலுள்ள ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். துறைமுக வாசலில் லாரியோடு காத்துக் கிடக்கும் டிரைவரின் கதை. அந்த இதழைத் தேர்ந்தெடுக்கக் காரணம் மைனி. என் கணவரின் அக்கா. நாசரேத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. அந்த இதழை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். நான் எதை எழுதினாலும் "ஆபீஸ் கடுதாசி மாதிரில்லா இருக்கு" என்பவர். அவர் கையிலிருக்கும் இதழில் என் பெயர் வரவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. வெளியிட இயலவில்லை, டிரைவரின் தவிப்பு மனதில் பதியவில்லை, முடிவு நம்பும்படி இல்லை.

அச்செடுத்து அடிக்கோடிட்டேன். கணவரிடம் காட்டினேன்.

"ரெண்டே ரெண்டு குவெரிதான். நாளைக்கே பதில் போட்டுருதேன்."

"ஏளா, வேண்டாம்னுல்லா எழுதியிருக்கான்."

"வேண்டாம்னா எதுக்குக் காரணம் கேக்கான்?"

"கேக்கலளா. சொல்லுதான்."

(அந்த மனிதர் உப்புக் கம்பெனிக்காரர். ஆவணங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?)

பதிலை அனுப்பினேன். தவிப்பு தொடர்பாக, துறைமுகச் சாலையில் லாரிகள் நிற்கும் புகைப்படம், இணைப்பு ஒன்று. முடிவு தொடர்பாக, 'மேற்படி சம்பவம் உண்மையே' என்று அந்தக் கதையை எழுதக் காரணமான டிரைவர் அண்ணாச்சியிடமே எழுதி வாங்கிய கடிதம், இணைப்பு இரண்டு. டைரியில் "குவெரி முடிந்தது" என்று எழுதிவிட்டு, மைனியிடமும் போனில் சொல்லிவிட்டேன்: கதை வந்த மாதிரிதான். மைனி சர்ச்சில் சபைப் பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். நாசரேத்தில் புத்தகக் கடைக்காரர் கூடுதல் பிரதிகளுக்குச் சொல்லி வைத்தார்.

இதழிலிருந்து பதிலே இல்லை. எங்கள் தொழிலில் பதில் வரவில்லை என்றால் நேரில் போய் நிற்க வேண்டும். சென்னையில் ஒரு கல்யாணம் வந்தது. கையில் எங்கள் ஊர் இனிப்பான மக்ரூன் பெட்டியோடு அந்த அலுவலகத்தின் மாடிப்படி ஏறினேன். "கதை ஓகே ஆவுறத நானும் பாக்கேன்" என்று மைனியும் பின்னாலேயே ஏறி வந்தார்.

உதவி ஆசிரியர் இளைஞர். என் பெயரைச் சொன்னதும் முகம் மாறி, எழுந்தே நின்றுவிட்டார். (மரியாதை என்று நினைத்தேன்.)

"மேடம், நீங்க அனுப்பினது எல்லாம் கிடைச்சுது. ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்."

"சந்தோஷம். இன்னும் ஏதாவது டாக்குமெண்ட் வேணுமா?"

அவர் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

"டாக்குமெண்ட் எல்லாம் சரியா இருக்கு மேடம். கதைதான் சரியில்ல."

பாதி திறந்த மக்ரூன் பெட்டியை நான் மூடினேன். பேசியது மைனிதான்.

"தம்பி, வேண்டாம்னா வேண்டாம்னு மட்டும் எழுதியிருக்கலாம்லா? காரணத்தை எதுக்கு எழுதுனீங்க?"

"அவங்க வருத்தப்படக் கூடாதேன்னுதாம்மா."

"இவ எங்க வருத்தப்பட்டா? மக்ரூன் வாங்கிட்டுல்லா வந்து நிக்கா!"

பிறகு என் கையிலிருந்த பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தார். "சாப்பிடுங்க தம்பி. இதுல ஒரு குவெரியும் வராது."

ரயிலில் ஊர் திரும்பும்போது கதையை மறுபடி படித்தேன். லாரி நிற்கிறது, கடைசிப் பத்தியில் கேட் திறக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். டிரைவருக்குப் பசித்ததாகக்கூட நான் எழுதவில்லை. அந்தப் பையன் சொன்னது சரிதான்.

அதன் பிறகு எழுதிய கதைகளில் சில வெளிவந்தன. ஒன்று அதே இதழில். மற்றவை திரும்பி வந்தன. இப்போதெல்லாம் காரணத்தைப் படித்துவிட்டு, விளக்கக் கடிதம் எழுதாமல் கதையைத் திருத்துகிறேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் எதை மறுத்தாலும் அது குவெரிதான். என் மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னபோதுகூட, "லாரி போட்டோவை அனுப்பிப் பாருளா" என்றார் என் கணவர்.

போன மாதம் மைனியிடமிருந்து போன். குரலில் வழக்கமான வாத்தியாரம்மா இல்லை. யாருக்கும் சொல்லாமல் அதே இதழுக்கு ஒரு கவிதை அனுப்பியிருக்கிறார். திரும்பி வந்துவிட்டது.

"ஏளா," என்றார், மெதுவாக. "இதுக்கு என்னென்ன டாக்குமெண்ட் வைக்கணும்?"

"மொதல்ல மக்ரூன் வாங்குங்க மைனி," என்றேன். "நானும் கூட வாரேன்."