இரண்டும் சேர்ந்து அழும் நேரம்

பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருக்கும் அவருக்கு உலகத்தில் இரண்டே அதிசயங்கள். ஒன்று, வாய்ப்பாடு. இன்னொன்று, மூன்று வாரத்துக்கு முன்னால் வீட்டில் வந்து இறங்கிய இரட்டைப் பெண்கள்.

மெலிந்தவள் சிட்டு. அவளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் பாட்டில் பால். கொழுத்தவள் குண்டு. அவளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம். சொல்லிவைத்த மாதிரி விழித்துக்கொள்ளும் அந்த முழ நீள உயிர்களை அவர் கைகட்டி நின்று பார்ப்பார். தூக்க மாட்டார். அது மனைவி வேலை.

ஒரு மத்தியானம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, தூக்கக் கலக்கத்துல பிள்ளையைக் கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு. நீங்கதான் ஒரு மாசம் லீவு போட்டிருக்கீங்கல்ல? பாதியை எடுத்துக்குங்களேன்."

பாதியா! அவர் மூளைக்குள் பேருந்துகள் உறுமின. இரண்டு வண்டியும் ஆறு மணிக்கு ஒன்றாகக் கிளம்பினால்...

"பாதி என்ன, கஷ்டமானதையே நான் எடுத்துக்கறேன். ரெண்டும் சேர்ந்து அழுதா என் பொறுப்பு. ஒத்தையா அழுதா மட்டும் நீ பாரு."

"நிஜமாவா?"

"எழுதியே தர்றேன்."

நாட்காட்டியின் முதுகில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். காலை ஆறு, மாலை ஆறு. நாளைக்கு இரண்டே தரம்!

"ஆறு மணிதான்னு எப்படிங்க அடிச்சுச் சொல்றீங்க?"

"மீச்சிறு பொது மடங்கு. மூணும் நாலும் பன்னெண்டுலதான் சந்திக்கும்."

"பொதுவா மடங்கணுமா? யாரு?"

"எண்ணுடி, எண்ணு!"

"எண்ணிக்கிட்டுதாங்க இருக்கேன்."

மாலை ஆறு அடித்தது. இரண்டு வாயும் ஒரே நொடியில் திறந்தன. அவருக்குப் புல்லரித்தது. இரண்டு கையிலும் பாட்டில். இரண்டு தொண்டையும் ஒரே தாளத்தில் இறங்கி ஏறின. கடவுளே, பன்னிரண்டு என்ற எண் இவ்வளவு வெதுவெதுப்பாகவா இருக்கும்?

மறுநாள் காலை ஆறும் நல்லபடி முடிந்தது. ஒன்பது மணிக்குச் சிட்டு அழுதாள். அவர் நிம்மதியாகச் செய்தித்தாளைப் புரட்டினார். கூடவே குண்டும் அழுதாள்.

"ஏய், குண்டுக்குப் பத்து மணிக்குத்தானே!"

படுக்கையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "டாக்டரம்மாவை நேத்தே போன்ல கேட்டுட்டேங்க. குண்டுக்கும் மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாமாம். காலையிலயே அவ பாட்டில்ல குறைச்சுதான் ஊத்தி வெச்சேன். ஆமா, மூணும் மூணும் எங்கங்க சந்திக்கும்?"

மூன்றிலேயே. நாளைக்கு எட்டுத் தரம்! கணக்கென்றாலே கொட்டாவி விடுபவள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்? வீட்டில் இப்போது மூன்று வாய்கள் திறந்திருந்தன.

"அநியாயம்! ஒப்பந்தத்தை மாத்து. ஒத்தையா அழுதா நான். சேர்ந்து அழுதா நீ."

"சரிங்க. குண்டை மறுபடி நாலுக்கே மாத்திடறேன். கையெழுத்துப் போடுங்க."

பேனாவைத் திறந்தவர் விரல்விட்டு எண்ணினார். சிட்டு தனியாக ஆறு. குண்டு தனியாக நாலு.

பேனாவை மூடினார்.

"எட்டே இருக்கட்டும்மா."