பெரியப்பா கழனிக்குப் பாய்ந்த என் புராஜெக்ட்

நிரல் எழுதத் தெரியாமலேயே கணினிப் பொறியியலில் முதல் வகுப்பு வாங்க முடியும். நம்பாதவர்கள் என்னை வந்து பார்க்கலாம்.

கல்லூரியில் எல்லா நிரல்களையும் ஸ்லோகம் மாதிரி மனப்பாடம் செய்துதான் எழுதினேன். அடைப்புக்குறி எங்கே திறக்கும், எங்கே மூடும் என்பதெல்லாம் அத்துப்படி. ஏன் திறக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. ஆய்வகத் தேர்வில் எண்களை ஏறுவரிசையில் அடுக்கச் சொன்னால் அடுக்குவேன். இறங்குவரிசை என்று வந்துவிட்டால் எங்கள் பெஞ்சே எழுந்துபோய்க் கேள்வியை மாற்றித் தரச் சொல்லும். (தருவார்கள். அவர்களிடமும் ஒரு விடைதான் இருந்தது.)

இப்படிப்பட்ட மேதைக்கு இறுதியாண்டில் புராஜெக்ட் வந்தது. தலைப்பு, தானியங்கிப் பாசனம். மண் காய்ந்தால் மோட்டார் தானாக ஓடும், நனைந்தால் தானாக நிற்கும். மண்ணில் செருகும் சென்சார் ஒன்று, ஒரு பெட்டி, பெட்டிக்குள் நிரல். அந்த நிரலை ஒரு சீனியர் அண்ணா தந்தார். அவருக்கு அவருடைய சீனியர் தந்தது. முதல் வரியில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு ‘மஞ்சுளா’ என்று போட்டேன். என் உழைப்பு அவ்வளவுதான். கூட்டாளி சரவணனின் உழைப்பு அதைவிடப் பெரிது. ரிப்போர்ட் அட்டையில் தங்க நிற எழுத்து போட்டுக்கொண்டு வந்தான்.

மற்றவர்கள் இதை ஒரு பூந்தொட்டியும் பொம்மை மோட்டாரும் வைத்து முடித்துவிடுவார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“எங்க ஊரு பெருநகர்ல, எங்க கழனியிலயே செஞ்சு காட்டறேன் சார்” என்றேன் துறைத் தலைவரிடம்.

வயலும் வாய்க்காலுமாகப் புகைப்படம் எடுத்தால் கல்லூரி விளம்பரத்துக்கு ஆகும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. உடனே ஒப்புக்கொண்டார்.

நைனாதான் இழுத்தார். “அது கரண்டு மோட்டாருமா. வெளையாட்டு சாமான் இல்ல.”

“இனிமே நீ மோட்டார் கொட்டாய் பக்கமே போவ வேணாம் நைனா. அதுவே பாத்துக்கும்.”

“அப்ப நான் இன்னா பண்றது?”

“ஃபோன்ல பாத்துக்கினு இரு.”

ஊர் ஒயர்மேனைக் கூப்பிட்டு ஸ்டார்ட்டரோடு பெட்டியை இணைத்தோம். துறைத் தலைவரும் இரண்டு ஆசிரியர்களும் கல்லூரி வேனில் வந்து இறங்கினார்கள். பக்கத்துக் கழனி பெரியப்பாவுடையது. முந்தின நாள்தான் வேர்க்கடலை பிடுங்கி, செடிகளைத் தலைகீழாகப் போட்டுக் காயவைத்திருந்தார். கூலிக்கு வந்த மெர்சி அக்காவும் இன்னும் சிலரும் வரப்போர வேப்பமர நிழலில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

எங்கள் கழனி பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. சென்சாரைச் செருகினேன். மோட்டார் ஓட வேண்டும். ஓடவில்லை.

“சென்சார் மண்ணைப் படிச்சுக்கிட்டிருக்கு சார்” என்றேன்.

அது படித்தது, படித்தது, என்னை மாதிரியே ஒன்றும் புரியாமல் படித்தது. துறைத் தலைவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். சென்சார் சூடாகிவிட்டதோ என்று, அதைக் குளிர்விக்க என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் தலையில் ஊற்றினேன்.

மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது! எல்லோரும் கைதட்டினார்கள். புகைப்படம் எடுத்தார்கள். காய்ந்த மண்ணுக்கு ஓட வேண்டிய மோட்டார் நனைந்த பிறகு ஏன் ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. (துறைத் தலைவர் டாக்டர் பட்டம் வாங்கியவர்.)

“போதுமான ஈரம் வந்ததும் அதுவே நின்னுடும் சார்” என்று சொல்லி, எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள். துறைத் தலைவர் இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, இதற்குக் காப்புரிமை வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது தெருவில் பெரியப்பாவின் குரல் கேட்டது.

“எவன்டா மோட்டார் போட்டது? எங் கயனி ஏரி மாரி கீது!”

கை கழுவாமலே ஓடினோம். தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு பெரியப்பா பக்கம் போய், கடலைச் செடிகள் மிதந்துகொண்டிருந்தன. நைனா கொட்டாய்க்குள் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் நின்றது. அவர் மூச்சு விடுவதற்குள் மறுபடி ஓடியது. அழுத்தினார். நின்றது. ஓடியது.

“இன்னாமா இது, பேய் பூந்த மாரி கீது! நிறுத்துமா!”

நான் ஃபோனில் ‘நிறுத்து’ என்பதைக் குத்திக்கொண்டே இருந்தேன். அந்தப் பொத்தானைச் சீனியர் அண்ணா அழகுக்காக வைத்திருக்கிறார் என்பது அப்போது தெரியாது. கடைசியில் நைனா ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்தார்.

பிறகு எல்லோருமாக ஈரச் செடிகளைத் தூக்கி மேட்டில் போட்டோம். “நேத்து புடுங்குனத இன்னிக்கி மறுபடியும் தூக்கணுமா? உங்க காலேஜ்ல இன்னாதான் சொல்லிக் குடுக்குறாங்கோ?” என்றாள் மெர்சி அக்கா. ஆசிரியர்கள் அதற்குள் வேனில் ஏறியிருந்தார்கள். துறைத் தலைவர் ஷூவிலிருந்து சேற்றைத் தட்டிவிட்டு, “மோட்டார் ஆன் ஆச்சு இல்ல? ரிப்போர்ட்ல அதை மட்டும் எழுதுங்க” என்றார். (எழுதினோம். முதல் பரிசு கிடைத்தது.)

பெரியப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நைனாவிடம்தான் சொன்னார்: “பொண்ணு படிச்சது போதும். வூட்ல ஒக்கார வெய்.” வேலைக்குப் போகும் முன்பே என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.  நைனா தலை குனிந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அன்று சாயங்காலம் அந்த நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். நான்கு வருஷப் பொறியியல் படிப்பில் நான் முதன்முதலாகப் படித்த நிரல் அதுதான். அண்ணாவின் சென்சார் வேறு ரகம். மண் காய்ந்தால் அதில் எண் குறையும், என்னுடையதில் கூடும். சிறியது, பெரியது என்று காட்டும் ஒரே ஒரு குறியை நான் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். அதன் பிறகு பல நாள் செம்பருத்தித் தொட்டியில் சென்சாரைச் செருகி, ஒவ்வொரு வரியையும் அழித்து அழித்து, எது போனால் எது கெடுகிறது என்று பார்த்தேன். செம்பருத்தி அழுகிப்போனது. எனக்கு நிரல் எழுத வந்தது.

குறியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் மறுநாளே பெரியப்பாவிடம் ஓடியிருந்தேன். “ஒரே ஒரு குறிதான் பெரிப்பா. தலைகீழா இருந்துச்சி.”

“எங் கல்லச் செடியுந்தான் தலைகீழா இருந்துச்சி, காயறதுக்கு” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நனைந்து முளைவிட்ட கடலையை வியாபாரி எடுக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

நான் படித்து முடித்து, ஓரகடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, உத்திரமேரூரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் பெரியப்பா வந்து உட்கார்ந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். ரசம் வந்தது. ஊற்றினார்கள்.

“போதும்ணா, போதும்” என்றேன்.

பரிமாறுகிறவர் வாளியைத் தூக்கினார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நீ இன்னும் ஊத்துப்பா. இந்தப் பொண்ணு ப்ரோக்ராம்ல போதும்னாதான் ஊத்தணும்.”

பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர்வரிசையில் சிரித்த நைனாவுக்குப் புரையேறியது. பெரியப்பாவே எழுந்துபோய் அவர் தலையில் தட்டினார்.

இன்றுவரை எங்கள் இரண்டு வீட்டிலும் நான் “போதும்” என்று சொல்லி ஒருத்தரும் கரண்டியை நிறுத்தியதில்லை.