பர்ஸோன் மனிதர்

மனித குலத்தில் ‘பர்ஸோன் மனிதர்’ என்றொரு இனம் உண்டு. ஹைதராபாத்தின் பழைய நகரத்தில் அது கொஞ்சம் அமோகமாகவே விளைகிறது. பர்ஸோன் என்றால் அகராதியில் நாளை மறுநாள், அல்லது முந்தாநாள். சார்மினாருக்குத் தெற்கே, இன்று நீங்கலாக எல்லா நாளும். ‘பர்ஸோன் தருகிறேன்’ என்பார், வராது. ‘பர்ஸோன்தானே தந்தேன்’ என்பார். உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். பொய் சொல்கிறாரா? சேச்சே! இலக்கணம் அவர் பக்கம்.

இந்த இனத்தின் சிங்கம் யாவர் மியா. அவருக்குத் தவணையில் ஏர்கூலர் விற்றவர் குத்தூஸ் பாய், ஒற்றை ஷட்டர் கடைக்காரர். தவணை நின்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். தவணை முடங்கிய கூலரை வியாழக்கிழமை மாலைக்குள் மீட்டுக் காட்டாவிட்டால் இந்தக் கோடைக்குச் சரக்கே கிடையாது என்று மொத்த வியாபாரி சொல்லிவிட்டார். கோடை போனால் கூலர் கடைக்காரர் எதை விற்பார், கம்பளியா? ஆகவே திங்கட்கிழமை நோட்டீஸ் கொடுத்த குத்தூஸ் பாய், அந்த வியாழக்கிழமையே யாவர் மியா வீட்டு வாசலில் ஆட்டோவில் போய் இறங்கினார்.

“வாங்க பாய், வாங்க! வெயில்ல கறுத்துட்டீங்களே!” யாவர் மியா அந்தக் கூலரிலேயே ஐஸ்கட்டி போட்டு, அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டார். சாய் வந்தது. உஸ்மானியா பிஸ்கட் வந்தது. எடுக்க வந்த பொருளின் காற்றிலேயே குத்தூஸ் பாய்க்குக் கண் சொருகியது.

“மியா, கூலரை எடுத்துட்டுப் போக வந்தேன்.”

“தாராளமா! ஆனா நோட்டீஸைப் படிங்க.”

படித்தார். ‘பர்ஸோன் வந்து எடுத்துக்கொள்ளப்படும்.’ எழுதியவரும் அதே ஊர்க்காரர்தானே!

“திங்கக்கிழமை குடுத்தா பர்ஸோன் புதன்கிழமை. நேத்து ஷேர்வானி போட்டுக்கிட்டு வாசல்லயே நின்னேன் பாய், நீங்க வரல. கெடு தாண்டிடுச்சு. புது நோட்டீஸ் குடுங்க.”

வாழ்நாளில் முதல் தடவையாக அகராதியைப் பிடித்துக்கொண்டார் மனுஷர்! குத்தூஸ் பாய்க்கு அந்தக் குளிரிலும் வியர்த்தது. பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

“மியா, கடைசித் தவணை எப்போ கட்டினீங்க?”

வாய்ப் பழக்கம் விடுமா? “பர்ஸோன்தானே!”

“அது போன பக்ரீத். உங்க பர்ஸோன் பத்து மாசம் நீளும், என் பர்ஸோன் ஒரு நாள் நீளக்கூடாதா?”

வாசலில் நின்ற ஆட்டோக்காரர் சாயன்னா கெக்கெக்கே என்று சிரித்தார். யாவர் மியா அதைவிடப் பலமாகச் சிரித்து, “மாட்டிக்கிட்டேன் பாய்!” என்று தாமே பிளக்கைப் பிடுங்கி, நோட்டீஸிலேயே ஒப்படைத்ததாகக் கையெழுத்தும் போட்டார். தூக்கும்போது ஐஸ் தண்ணீர் அத்தனையும் குத்தூஸ் பாயின் பைஜாமாவில் கொட்டியது. அவர் கவலைப்படவில்லை. நனைந்த பைஜாமாவோடு ஆட்டோவில் நவாப் மாதிரி உட்கார்ந்து கோடையைக் காப்பாற்றிக்கொண்டு போனார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. பக்கத்து வீட்டு ஏணி இன்னும் உங்கள் வீட்டில்தானே சாய்ந்திருக்கிறது? வாங்கும்போது என்ன சொன்னீர்கள்? ‘ரெண்டே நாள்ல குடுத்துடறேன் சார்.’

பர்ஸோனுக்குத் தமிழில் அதுதான் பெயர்.