எலும்புக்கூடுகளுக்கு இளைப்பாற்றி

மணவாளக்குறிச்சி,
ஞாயிறு, பூசை முடிந்து.

மஸ்கட்டில் ஆண்டவர் துணையோடு வேலை பார்க்கும் மூத்த மகன் டைட்டஸுக்கு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டாலும் எழுத்தை விடாத உன் அம்மை வியாகுலம்மாள் எழுதுவது. நானும் உன் பெண்சாதி ஷெர்லியும் சுகம். பேத்தி ஜின்சிக்கு சிக்குன்குனியா காய்ச்சல் விட்டுவிட்டது, விரல் மூட்டு வீக்கம்தான் இன்னும் வற்றவில்லை. நீ வெயிலில் நிற்காதே.

நிற்க. லீவுக்கு வந்தபோது நீ கொண்டுவந்த கேம் பெட்டியால் ஜின்சியின் படிப்பு கெடுகிறது, வருகிற மாதம் ஷெர்லியின் தம்பி சிஜோ வந்து தன் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போகட்டும் என்று போனில் சொன்னாய். பிள்ளைக்காகக் கேட்கிறேன் மகனே, அதைக் கொடுக்காதே. போனில் சொன்னால் என்னைப் பேசவிடாமல் நீயே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

காய்ச்சலில் பிள்ளைக்கு விரல் மடங்கவில்லை, கஞ்சியும் இறங்கவில்லை. "பாட்டி, நான் சொல்லுகேன், நீங்க பட்டன அமுக்குங்க" என்றாள். ஒரு வாய் குடித்தால் ஒரு அடி நடப்பேன் என்று பேசி, ரிமோட்டைக் கையில் வாங்கினேன். கதை என்னவென்றால், ராசாவின் கோட்டைக்கு அடியில், பாதாளச் சிறையில், ஒரு பையனை அநியாயமாக அடைத்துவைத்திருக்கிறார்கள், அவனை நாம் வெளியே கொண்டுவர வேண்டும். வைக்கோலுக்கு அடியில் சாவி கிடந்தது, எடுத்துத் திறந்தேன், அந்தப் பக்கம் வரிசையாகப் பானை. "ஒடைங்க பாட்டி, உள்ள மருந்து இருக்கு" என்கிறாள். "ஏட்டி, எவ வடிச்சு வச்ச சோறோ! அடுத்த வீட்டுப் பானைய ஒடைக்கவா ஒனக்கு நான் ஞாயம் படிச்சுத் தந்தேன்?" என்று கேட்டேன். ஒன்றையும் தொடவில்லை. மருந்து இல்லாமலே நடந்தோம்.

அப்புறம் வந்தது பார், வாளும் கேடயமுமாக எலும்புக்கூடுகள்! கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் மெழுகுதிரி கொளுத்துகிற நான் செத்தவர் எலும்பை வெட்டுவேனா? ரிமோட்டைக் கீழே வைத்து, முக்காட்டை இழுத்துப் போட்டு, மரித்தோருக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி செபத்தைத் தொடங்கினேன், முடிக்குமுன் பையனைக் கொன்றுவிட்டன. மறுபடியும் செபம், மறுபடியும் சாவு. அடுக்களையிலிருந்து ஷெர்லி, "மாமி, அதுக்கு ஆத்துமாவும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா படமாக்கும்!" என்று கத்தினாள். "ஒனக்க மாமனாரும் செவுத்துல படமாத்தான் இருக்காரு. போய் வெட்டுவியா?" என்றேன்.

ஜின்சிதான் உன் மகளாயிற்றே, புத்தி. "பாட்டி, அதுகள யாரும் அடக்கம் பண்ணல. அதான் எந்திச்சு நடக்குது. வெட்டுனாத்தான் படுக்கும்" என்றாள். மரித்தோரை அடக்கம் செய்வது புண்ணியம் என்று ஞானோபதேசத்தில் படித்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பிறகு கேட்பானேன், நெய்மீனுக்குத் துண்டு போடுவதுபோலப் போட்டேன், விழுந்த ஒவ்வொன்றுக்கும் "எளப்பாறு மக்கா" என்று சொல்லித்தான் அடுத்ததற்குப் போனேன். கடைசிக் கதவுக்குப் போகிற நேரம் பார்த்துக் கரண்டு போனது. திரும்ப வந்தபோது வெட்டிப் படுக்கவைத்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள், முதலிலிருந்து அடக்கம் பண்ணினேன். ஒருவழியாக இரும்புக் கதவு திறந்தது மகனே, வெளியே ஒரே வெளிச்சம், கடல், காற்று வருகிற மாதிரியே இருந்தது. பையன் முழங்காலில் விழுந்தான். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். ஜின்சி வீங்கின கையோடு கைதட்டி, "ஒரு பானைகூட ஒடைக்காம எங்க கிளாஸ்ல ஒருத்தரும் வெளிய வந்தது இல்ல பாட்டி" என்றாள். கிண்ணத்தைப் பார்த்தால் கஞ்சி காலி.

ஆகையால் அந்தப் பெட்டி படிப்பைக் கெடுக்கவில்லை, பிள்ளைக்கு மருந்து அதுதான். சிஜோ கொண்டுபோனால் பிள்ளை வாடிப்போகும், என்னால் பார்க்க முடியாது.

மாதா உன்னை நிழல்போலக் காக்கட்டும், உன் கையால் தொடுவதெல்லாம் விளங்கட்டும். கூட இருக்கிற நம் ஊர்ப் பையன்களையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மை வியாகுலம்மாள்.

பி.கு.: ஒட்டுவதற்குமுன் ஜின்சி இதை வாங்கிப் படித்தாள். "எனக்கு வேண்டாம் பாட்டி, பரீட்சை வருது, சிஜோ மாமாவுக்கே குடுங்க" என்கிறாள். எனவே மேலே பிள்ளைக்கு என்று எழுதியதையெல்லாம் எனக்கு என்று வாசித்துக்கொள். சிஜோவிடம் மட்டும் காரணம் சொல்லாதே.